மலைக்குப் போனவர்கள்

பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது வாசனைதான். நனைந்து காய்ந்த கயிறு, பழைய பாட்டரி, அவற்றுக்கு அடியில் எங்கோ கற்பூரத் தைலம். எங்கள் அலுவலகத்துக் களஞ்சிய அறையில், உடைந்த நாற்காலிகளுக்கும் யாருக்கும் வேண்டாத படிவக் கட்டுகளுக்கும் நடுவே, அந்த மஞ்சள் பெட்டி இத்தனை வருடமும் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. புதிதாக இரண்டு பெட்டிகள் வந்துவிட்டன. எடை குறைவு, மினுக்கம் அதிகம். பழையதைக் கழித்துவிடலாமா என்று பார்த்துச் சொல்லும்படி சாவியை என் கையில் கொடுத்திருந்தார்கள். வெளியே நுவரெலியாவின் வழக்கமான பிற்பகல். மூடுபனி ஜன்னல் வரை வந்துவிட்டது. எதிரே இருந்த சைப்பிரஸ் மரங்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. நான் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி அந்தத் தைல வாசனையை இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டிருந்தேன். யாராவது பார்த்திருந்தால் எனக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

தைலம், எங்கள் அலுவலகத்தில் வயர்லெஸ் செட்டுகளைப் பார்த்துக்கொண்ட ரேடியோ சாருடையது. அவருக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும். யாழ்ப்பாணத்துக்காரர், வெயிலிலும் மணலிலும் வளர்ந்தவர். மழைக்காலத்தில் தேயிலைக்குள் இறங்க வேண்டி வந்தால், முழங்கால் வரை தைலத்தைப் பூசிக்கொண்டுதான் லொறியை விட்டு இறங்குவார். அட்டைக்கு நாங்கள் சவர்க்காரம்தான் பூசுவோம். தைலத்துக்கு அது பயப்படுமா என்று நான் கேட்டதற்கு, "அட்டைக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்கு ஒரு தைரியம் பிள்ளை" என்றார். ஒல்லியான மனிதர். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த அந்தக் காலத்திலும் அந்தப் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைத் தானே தூக்குவார். செட்டில் யாராவது பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மூடின கண்ணுக்குள் பேசுகிறவரின் முகம் வந்துவிட்ட மாதிரி லேசாகத் தலையை ஆட்டுவார். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு பெரிய அதிகாரி ஒருமுறை மேசையைத் தட்டியிருக்கிறார். சார் கண்ணைத் திறக்காமலே உஸ் என்று விரலைக் காட்டினார்.

பெட்டியின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மழை கொட்டி, மண் சரிந்து, மின்சாரம் போய், கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும்போது, பொலிஸ், ஆஸ்பத்திரி, எங்கள் இடர் முகாமைத்துவ அலுவலகம், தோட்டங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று செவிடாகிவிடும். அப்போது இந்தப் பெட்டியை லொறியில் ஏற்றிக்கொண்டு போய், உயரமான ஓர் இடத்தில் இறக்கி, உள்ளே மடித்து வைத்திருக்கும் கம்பத்தை நிமிர்த்திப் பாட்டரியைப் பூட்டினால், கொஞ்ச நேரத்தில் ஒரு தற்காலிகக் கோபுரம் தயார். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கத்தில் கையடக்கச் செட்டில் ஒருவர் பேசினால், பெட்டி அந்தக் குரலை வாங்கி அந்தப் பக்கத்தில் இருப்பவரின் செட்டுக்குக் கொடுக்கும். இவ்வளவுதான். மற்றதெல்லாம் பேசுகிறவர் பாடு, கேட்கிறவர் பாடு.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஒரே நீளக் கூரைக்குக் கீழ் வரிசையாகத் தொடுத்த காம்பராக்களில் எட்டாவது எங்களுடையது. படித்து, பரீட்சை எழுதி, இந்த அலுவலகத்தில் மொழி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். தமிழில் வருவதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், சிங்களத்தில் வருவதைத் தமிழில் சொல்ல வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சேர்ந்த புதிதில், நான் பேசுவதைக் கேட்டு, "தோட்டம் மணக்குது" என்று ஒருத்தி சிரித்தாள். அன்றைக்குப் பிடித்த வைராக்கியம்: என் பேச்சைப் பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வீட்டுக்குப் போனால்கூட நான் புத்தகம் மாதிரிப் பேசுவதாக அக்கா கிண்டல் பண்ணுவாள். அக்கா அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நான் படிக்கத் தொடங்கியபோது அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானும் அதைப் பற்றி அதிகம் யோசிக்காமல் பார்த்துக்கொண்டேன்.

மழைக்கு முந்தைய வெயில் மாதத்தில் ரேடியோ சாரும் நானும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் செட் பழக்கினோம். எங்கள் தோட்டத்துக்கான செட்டைப் பிள்ளைக்காம்பராவில் வைத்தோம். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. கோயிலுக்குப் பக்கத்தில், கெட்டியான பாறை மேட்டில் இருக்கிறது. அதன் பொறுப்பாளரை ஊரே பிள்ளைக்காம்பரா அக்கா என்றுதான் கூப்பிடும். இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் ஒரு குழந்தை, கையில் செட் என்று நின்றார். சார் மூன்று விதிகள் சொன்னார். மின்சாரம் இல்லாத நாட்களில் பாட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மணிக்கும் சரியாக மணி அடிக்கிற நேரத்தில் திறந்து, பத்து நிமிடத்தில் மூடிவிட வேண்டும். பேசி முடித்ததும் "ஓவர்" என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும். மூன்றாவது எங்களுக்கு: வந்த செய்தி ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும், எழுதியதை அழிக்கக் கூடாது. பிழை என்றால் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது விதியில்தான் வம்பு வந்தது. பிள்ளைக்காம்பரா அக்காவால் வெறும் ஓவர் என்று சொல்ல முடியவில்லை. ஒரு பெரிய மனுஷனைப் பார்த்து ஓவர் என்று மொட்டையாகச் சொன்னால் மரியாதை என்ன ஆவது? "இங்க எல்லாம் சொகமா இருக்கோங்க சார், ஓவருங்க" என்றார். நான் திருத்தினேன். மறுபடியும் ஓவருங்க. மூன்றாம் தடவை நான் கொஞ்சம் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். சார் சிரித்துவிட்டார். "விடும் பிள்ளை. முப்பது வருசமா இந்தச் செட்டிலை கத்துறன், ஒருத்தரும் எனக்கு இவ்வளவு மரியாதை தந்ததில்லை" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, சார் "ஓவருங்க பிள்ளை" என்பார்.

பிறகு மழை வந்தது. மூன்று நாள் ஒரே சீராக, யாரோ மறந்துபோய்த் திறந்து விட்டுப்போன குழாய் மாதிரி. மண்ணைப் பரிசோதிக்கும் அதிகாரிகள், எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனுக்கு மேலே சரிவில் வெடிப்பு ஓடியிருக்கிறது என்று அறிவித்தார்கள். எங்கள் காம்பராவும் இருக்கிற மேல் லயத்துக்காரர்கள் எல்லோரும் கோயில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும் என்று மூன்றாம் நாள் மாலையில் கைபேசிக்குச் செய்தி அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்வதற்குள் கோபுரங்கள் செத்துவிட்டன. மறுநாள் விடிந்ததும், எங்கள் பழைய லொறியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். லிந்துலை வரைதான் பாதை இருந்தது. அங்கே மேட்டில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான அறையில் எங்கள் மேசையைப் போட்டோம். லொறிச் சாரதி, சிங்களப் பையன், எல்லோருக்கும் மல்லி, அதாவது தம்பி. அவன் பெட்டியையும் கம்பத்தையும் ஏற்றிக்கொண்டு எதிர்ப்பக்கத்து மேட்டுக்குப் போனான். அங்கிருந்து பார்த்தால், பனி இல்லாத நாளில், பள்ளத்தாக்குக்கு அப்பால் எங்கள் தோட்டம் முழுவதும் தெரியும்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. அந்தக் காலை எனக்கு இப்போதும் கனவில் பார்த்ததைப் போலத்தான் ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. விளையாட்டுத் திடலும் இல்லை, பாதையும் இல்லை. கண்ணாடிப் போத்தல்களுக்குள் யாரோ என்றோ போட்டு வைத்த தவளையும் வேர்களும் அலமாரியில் மிதந்துகொண்டிருந்தன. எங்கோ தண்ணீர் விழும் ஓசை. செட்டின் இரைச்சலும் அந்தத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் இருந்தது. இரைச்சல் அதிகம் என்பதால் சார் செட்டில் பூட்டிய காதுக்கருவியை மாட்டிக்கொண்டார். அவருக்கு மட்டும்தான் கேட்கும். கேட்டதை அவர் வாக்கியம் வாக்கியமாக எனக்குச் சொல்வார். நான் அதைச் சிங்களத்தில் பெரிய சாருக்குச் சொல்வேன். பெரிய சார் எங்கள் பகுதியின் பொறுப்பதிகாரி. அவரிடம் ஆட்களை இறக்கி மீட்பதற்கு ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. அதை எங்கே அனுப்புவது என்று வரைபடத்துக்கு முன்னால் தவித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு எங்கள் தோட்டத்துச் செட் திறந்தது. மேல் லயத்தில் யாராவது இருக்கிறார்களா என்று சார் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "லயத்திலை ஒருத்தரும் இல்லையாம். கூடையளையும் எடுத்துக்கொண்டு எல்லாரும் மலைக்குப் போட்டினமாம்."

நான் பெரிய சாரைப் பார்த்து, "ஒக்கொம கந்தட கிஹின்" என்றேன். எல்லோரும் மலைக்கு ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். கூடையை விட்டுவிட்டேன். அவசர நேரத்தில் கூடை எதற்கு? பெரிய சார் பெருமூச்சு விட்டு, வரைபடத்தில் எங்கள் தோட்டத்துக்கு ஒரு சரி போட்டார். வண்டியைக் கொட்டகலைப் பக்கம் அனுப்பினார். அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அது திரும்ப வழியில்லை.

எனக்குச் சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அத்தனை சந்தோஷம். அக்கா கோயில் மேட்டில் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவும், யாரோ கொடுத்த சாயத் தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். மூன்று நாளாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போய்விட்டார்கள், மலைக்குப் போய்விட்டார்கள் என்று செட்டின் இரைச்சல் தாலாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தது. கண் சொருகியது.

"பிள்ளை" என்றார் சார். குறிப்பேட்டில் எழுதியதைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். "சாமான் சக்கட்டை தூக்கிக்கொண்டு ஓடுற சனம் சாக்கிலையெல்லோ கட்டும்? இவை ஏன் கூடை கொண்டு போனவை? மலையிலை என்ன பறிக்கப் போயினம்?"

விளையாட்டாகத்தான் கேட்டார். பறிக்க என்ற சொல் என் காதில் விழுந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

எங்கள் தோட்டங்களில் மலை என்றால் மலை அல்ல. தேயிலை நிற்கிற, வேலை நடக்கிற நிலம். அது மேட்டில் இருந்தாலும் மலைதான், பள்ளத்தில் இருந்தாலும் மலைதான். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. ஐந்தாம் நம்பர் மலை, பதினோராம் நம்பர் மலை. நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கேட்ட முதல் சொற்களில் அது ஒன்று. அம்மா எங்கே என்று யார் கேட்டாலும், மலைக்குப் போயிருக்கு என்றுதான் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்காம்பரா அக்கா சொன்னது அதைத்தான். மழை விட்டுவிட்டது, கொழுந்து முற்றிக்கிடக்கிறது, எங்கள் எச்சரிக்கை அங்கே போய்ச் சேரவே இல்லை, வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்குக் கூப்பிட்டார்கள், எல்லோரும் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மேல் லயத்துப் பெண்கள் அந்த மாதம் பறித்துக்கொண்டிருந்தது பதினோராம் நம்பர். வெடிப்புக்கு நேர் கீழே.

எப்படிக் கேட்காமல் போனேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்தச் சொல் சாரின் வாயிலிருந்து, அவருடைய ஊர்ப் பேச்சில் வந்தது. அதனால் எனக்கு அது புத்தகத்து மலையாகக் கேட்டது. பிள்ளைக்காம்பரா அக்காவின் வாயிலிருந்து நேராக என் காதில் விழுந்திருந்தால் தேயிலையாகத்தான் கேட்டிருக்கும். இப்படி நான் சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அது முழு உண்மையில்லை. என் பேச்சைக் கழுவிய கழுவலில் இந்தச் சொல்லும் போய்விட்டது. சாருக்கு அது தெரியாத சொல். எனக்குத் தெரியும், நான் மறந்திருந்தேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் சார் மணியைப் பார்த்தார். ஒன்பது இருபத்தைந்து. தோட்டத்துச் செட் பத்து மணி வரை மூடிக்கிடக்கும். அது நாங்களே போட்ட விதி. இருந்தாலும் கூப்பிட்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். இரைச்சல்தான் பதில் சொன்னது. பெரிய சார் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அழத் தொடங்கினேன். சார் என் பக்கம் திரும்பி, "அழுகிறதுக்கு நேரம் பிறகு இருக்கு. உங்கடை சனத்தை மலைக்குள்ளை இருந்து வெளியாலை எடுக்கிறதுக்கு வழி சொல்லும். எதைக் கேட்டால் வருவினம்?" என்றார்.

எதைக் கேட்டால் வருவார்கள்? நான் வாயைத் திறந்தபோது என் பழைய பேச்சு தானாக வந்தது. "கொழுந்து லொறி சார். லொறி ஹோன் அடிச்சா எல்லாரும் நெறுக்க மடுவத்துக்கு வந்துருவாங்க." கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவம் பாதையோரத்தில், சரிவுக்கு அப்பால், பாறையில் இருக்கிறது. லொறி வந்தால் இரண்டு நீளம், ஒரு குட்டை. இரண்டு நீளம், ஒரு குட்டை. சின்ன வயதில் நாங்கள் வாயால் அடித்து விளையாடிய ஹோன்.

எங்களிடம் எப்போதும் திறந்திருந்த செட் ஒன்றே ஒன்றுதான், எதிர் மேட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் மல்லியிடம் இருந்தது. அவனிடம் ஒரு லொறியும் இருந்தது. சாரின் கையிலிருந்த எங்கள் செட்டை நான் வாங்கினேன். "மல்லி, ஹோன் எக்க கஹன்ன, நவத்தன்ன எபா" என்றேன். ஹோனை அடி, நிறுத்தாதே. எப்படி அடிக்க வேண்டும் என்று வாயால் அடித்துக் காட்டினேன். ஓர் அரசாங்க உத்தியோகத்தி, பெரிய அதிகாரிக்கு முன்னால், பாம் பாம் என்று கத்திக்கொண்டிருந்தேன். மல்லி ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே அந்த வெள்ளைக்குள் எங்கிருந்தோ, மெல்லிசாக, இரண்டு நீளம், ஒரு குட்டை. மறுபடியும். மறுபடியும். அந்த ஓசை அக்காவின் காது வரை போகுமா போகாதா என்று தெரியாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரத்தை விட நீளமான நேரம் என் வாழ்க்கையில் இல்லை. சார் காதுக்கருவியை மாட்டியபடி குனிந்து குறிப்பேட்டில் என்னவோ எழுதினார். நேரத்தைப் பதிகிறார் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குச் செட் கரகரத்தது. சார் காதுக்கருவியைக் கழற்றி, ஓசையை அறைக்குத் திறந்துவிட்டார். "நீரே கேளும்" என்றார்.

"இங்க எல்லாம் சொகமா இருக்கோங்க சார்" என்றது பிள்ளைக்காம்பரா அக்காவின் குரல். "என்னமோ இன்னைக்கு லொறி வெள்ளனவே வந்துருச்சுன்னு எல்லாரும் மடுவத்துக்கு ஓடிட்டாங்க. போய்ப் பாத்தா லொறியக் காணோமாம். ஏசிக்கிட்டு நின்னாங்களாம்." பொத்தானை அவர் விடவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. "அப்பறம், சார், பதினோராம் நம்பர் மலை இப்ப இல்லீங்க. கண்ணு முன்னாடியே போயிருச்சுங்க. ஆளுங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. ஓவருங்க."

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். சார் என் முதுகில் ஒரு தடவை தட்டினார். கையில் தைல வாசனை.

எச்சரிக்கை இருந்த இடத்துக்குப் போக வேண்டிய வண்டி ஏன் திருப்பி விடப்பட்டது என்று சில வாரங்கள் கழித்து விசாரணை வந்தது. வர வேண்டியதுதான். அதற்கு முந்தைய நாள் முழுவதும் நான் கண்ணாடி முன் நின்று, தவறு என்னுடையது என்று சொல்லிப் பழகினேன். என் முறை வருவதற்கு முன்னால் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் குறிப்பேட்டைத் திறந்து, அன்றைக்கு எழுதியதைப் படித்தார்: "ஒன்பது மணிச் செய்தியைத் தவறாகக் கேட்டது நான்." தான் கேட்டுச் சொன்னதைத்தான் மொழி உதவியாளர் அப்படியே மொழிபெயர்த்தார், அவர்மேல் பிழையில்லை என்றார். சம்பவ நேரத்திலேயே எழுதியது, அழித்தல் திருத்தல் எதுவும் இல்லை. அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? என்னைக் கூப்பிட்டு, அப்படியா என்று கேட்டார்கள். நான் ஆம் என்றேன்.

வாசலில் அவரைப் பிடித்தேன். "ஏன் சார் பொய் எழுதினீங்க?" "எனக்கு இன்னும் பதினொரு மாசம். உமக்கு இன்னும் முப்பது வருசம் கிடக்கு" என்றார். "அதோட, யாழ்ப்பாணத்திலை மலையே இல்லைப் பிள்ளை. மலையைப் பற்றி ஒரு யாழ்ப்பாணத்தான் பிழையாக் கேட்டால் ஆராவது ஆச்சரியப்படுவினமோ?" சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அவருக்கு அதிகமாக ஒன்றும் செய்யவில்லை. வெளிக்கள வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். காது சரியில்லாதவரை எப்படிச் செட் முன்னால் உட்கார வைப்பது? அந்தப் பதினொரு மாதமும் இதே களஞ்சிய அறையில் உட்கார்ந்து பாட்டரிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக் கேட்கத் தெரிந்த அந்த மனிதருக்கு இங்கே கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. என் வேலை நிரந்தரமானது. நான் வெளியே போய் வந்தால், கதவைப் பாதி திறந்து, "இண்டைக்கு எங்கை? அட்டை இருந்ததோ?" என்று கேட்பார். நான் அவசரமாக ஏதாவது சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் விடைபெற்ற அன்று கேக் வெட்டினோம், பேச்சுகள் இருந்தன. எழுந்து உண்மையைச் சொல்ல நினைத்தேன். எழுந்தேன்கூட. நன்றி சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். போகும்போது அவர் என்னைப் பார்த்து, "அப்ப ஓவருங்க பிள்ளை" என்றார்.

தோட்டத்தில் கதை வேறு மாதிரி. அந்த ஹோனை அடித்தது ரோதைமுனி என்று சொல்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரங்களைக் காக்கிற சாமி அது. வராத லொறிக்கு ஹோன் அடித்துத் தங்கள் உயிரைக் காப்பாற்றியது சாமியைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்? வருடா வருடம் பொங்கல் வைக்கிறார்கள். அக்கா எனக்கு இலையில் கட்டி அனுப்புவாள். ஒருமுறை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மலைன்னா என்னான்னு ஒனக்கே மறந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வருடம் ரேடியோ சாருடைய மகள் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டார். அப்பா போய்விட்டார், உங்களைப் பற்றி அடிக்கடி கதைப்பார், சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றார். கடைசிக் காலத்தில் காது நன்றாகக் கேட்டதா என்று நான் கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது. "ஓம், காதுக்கு ஒரு குறையும் இல்லை. தெருவிலை ஆர் போகினம் எண்டு படுக்கையிலை கிடந்தே சொல்லுவார்" என்றார் அந்தப் பெண்.

குறிப்பேடு பெட்டியின் மூடிப் பையில்தான் இருந்தது. ஓரங்களில் பூஞ்சணம் பூத்திருந்தது. அந்தப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை; தானாகத் திறந்துகொண்டது. சரிந்த எழுத்து, அவசரம் இல்லாத எழுத்து. பேனாவை எடுத்தேன். அழிக்கக் கூடாது, ஒரே ஒரு கோடுதான். "தவறாகக் கேட்டது நான்" என்பதன் மேல் கோட்டைப் போட்டு, பக்கத்தில் எழுதினேன்: "சரியாகவே கேட்டார். தவறாகச் சொன்னது மொழி உதவியாளர்." கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். நாளைக்கு இதை மேலதிகாரியின் மேசையில் வைப்பேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

பெட்டிக்குள் ஒரு கையடக்கச் செட் கிடந்தது. புதிய செட்டின் பாட்டரி இதற்கும் பொருந்தும். பூட்டித் திருகினேன். சின்னப் பச்சை வெளிச்சம் வந்தது. பிறகு அந்த இரைச்சல், தூரத்தில் தண்ணீர் விழுவது போல. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

"சார், நீங்க சரியாத்தான் கேட்டீங்க. நாந்தான் சார் தப்பாச் சொல்லிட்டேன். ஓவருங்க."

பொத்தானை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.